கொட்டாவியில் எழுந்த கை

அன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியில் இவர் என் கட்டிலின் இடது பக்கத்துக் கதிரையில் இருந்து, வீட்டில் தோய்த்துக் கொண்டுவந்த என் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். இவர் என்றால் என் கணவர் குகன். வெளியே மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று யன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அறைக்குள் அவித்த கரட்டின் மணம் மட்டும் மிச்சம்.

எனக்குக் கொட்டாவி வந்தது.

வழக்கமான கொட்டாவிதான். வாய் திறந்தது, மூச்சு உள்ளே போனது. அந்த மூச்சோடு சேர்ந்து, போர்வைக்கு மேலே கிடந்த என் வலது கை எழுந்தது.

முழங்கை மடிந்தது. கை மெல்ல மேலே வந்து, விரல்கள் பாதி மடிந்தபடி, வாய்க்குக் கீழே, நாடிக்குக் கிட்ட நின்றது. கொட்டாவி முடிந்ததும் தொப்பென்று மடியில் விழுந்தது.

பாரிசவாதம் வந்த நாளில் இருந்து ஒரு நூல்கூட அசையாத கை அது. அதை நான் தூக்கவில்லை. தூக்க நினைக்கவும் இல்லை. வேறு யாரோ ஒருவரின் கை என் முகத்துக்கு நேரே வருவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இவரின் கையில் இருந்த சட்டை நிலத்தில் விழுந்தது.

"ஐயோ ரஞ்சி! கை! கையைத் தூக்கினனீர்!"

"நான்... இல்லை." அந்த நாட்களில் என் நாக்கு தடித்திருந்தது. இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துச் சொல்ல முடியாது.

"நான் கண்ணால பாத்தனான். இன்னொருக்காத் தூக்கும் பாப்பம்."

முயன்றேன். பல்லைக் கடித்தேன். இடது தோள் காதுவரைக்கும் ஏறியது. இடது காலின் விரல்கள்கூட இறுகின. வலது கை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"பரவாயில்லை, பரவாயில்லை. ஒருக்கா வந்தது திரும்பியும் வரும்தானே." இவர் அழுதுகொண்டே போனை எடுத்தார். முதலில் மார்க்கம் நகரில் வேலையில் இருந்த மகள் ஆரணிக்கு. "அம்மா, யூ மூவ்ட் இட்? ஆர் யூ சீரியஸ்? அப்பா, வீடியோ எடுத்தீங்களா?" என்று அவள் கத்தியது கட்டிலுக்குக் கேட்டது. பிறகு இங்கே கனடாவிலேயே பிறம்ரன் நகரில் இருக்கும் தன் அக்காவுக்கு. பிறகு இலண்டன், பாரிஸ் என்று எங்கெல்லாம் சொந்தம் இருக்கிறதோ அங்கெல்லாம்.

எல்லோருக்கும் சந்தோசம். எனக்குப் பயம். என் உடம்புக்குள் என்னைக் கேட்காமல் ஒன்று நடந்திருந்தது.

நூல் தளர்ந்த காலை

இந்தத் தொடரை இடையில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அஜின்கோர்ட் என்கிற இடத்தில், சாப்பாட்டுக் கடைக்கும் பயண முகவர் கடைக்கும் நடுவில், இரண்டு கதிரை போட்ட ஒரு சின்ன அழகு நிலையம் என்னுடையது. புருவம் எடுப்பது என் தொழில். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, நடுவில் முறுக்கி, இரண்டு கைகளையும் விரித்து ஒடுக்கி மயிரைப் பிடுங்க வேண்டும். வாய், இடது கை, வலது கை, மூன்றும் ஒன்றாக வேலை செய்தால்தான் அது நடக்கும்.

பாரிசவாதம் வந்த அன்று காலை கதிரையில் சாய்ந்திருந்தது கலியாணப் பெண் ஒருத்தி. ஒரு புருவம் முடிந்து, மற்றதில் பாதி வந்திருந்தேன். நூல் தளர்ந்தது. இறுக்கினேன், இறுகவில்லை. வலது கையைப் பார்த்தேன். அது பெண்ணின் தோளில் கிடந்தது. எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது.

நோவு இல்லை. தலைச்சுற்று இல்லை. வீட்டில் கரண்ட் போகும்போதுகூட ஒரு 'டிக்' என்ற சத்தம் கேட்கும். அதுவும் இல்லை.

"அன்ரி, முடிஞ்சுதோ?" அவள் கண்ணை மூடியபடியே கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நூல் வழுகி அவளின் கன்னத்தில் விழுந்தது. அதோடு என் வாயில் இருந்து வழிந்த வீணியும் விழுந்தது. அவள் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கியது.

அவள் கெட்டிக்காரி. எழும்பி, என்னைத் தாங்கி, தான் இருந்த அதே கதிரையில் இருத்திவிட்டு அம்புலன்ஸை அழைத்தாள். என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது வாசலில் பாதிப் புருவத்தோடு நின்று அழுதாள். அவசரப் பிரிவில் ஆளுக்கு மேல் ஆள் வந்து என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தபோது நான் நினைத்தது இதைத்தான்: அந்தப் பிள்ளை மற்றப் புருவத்துக்கு எங்கே போகப் போகிறாள்?

பயறளவு

சில நாட்கள் கழித்து ஓர் இளம் டொக்டர் என் மூளையின் படத்தைக் கணினித் திரையில் காட்டினார். ஆரணி பக்கத்தில் நின்றாள். இவர் வேலைக்குப் போயிருந்தார். பிறம்ரனில் ஒரு பெரிய களஞ்சியத்தில் இவருக்கு வேலை. அன்றைக்கு இவர் அங்கே இல்லாமல் போனது பின்னால் எவ்வளவு பெரிய விசயமாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சாம்பல் நிறப் படத்தின் இடது நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. பயறளவு.

"தட் இஸ் இட்?" என்று ஆரணி கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். என்னைச் சரித்துப் போட்டது இவ்வளவுதானா?

இடம் அப்படி என்றார் அவர். அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

உச்சியில் இருந்து காதை நோக்கி இறங்கும் ஒரு பட்டை மூளையின் மேற்பரப்பில் இருக்கிறது. கையைத் தூக்கு, காலை வை, வாயைத் திற என்று நாம் நினைத்துச் செய்கிற அசைவுகளின் கட்டளை பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இருந்துதான் கிளம்புகிறது. கட்டளையைச் சுமக்கும் நரம்பிழைகள் மேலே அகலமாக விரிந்திருக்கும். மூளையின் நடுவுக்கு வரும்போது ஓர் ஒடுக்கமான வழிக்குள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நுழையும். அதைத் தாண்டினால் மூளைத்தண்டு. மூளைத்தண்டின் அடியில், கழுத்து தொடங்குவதற்குச் சற்று மேலே, பெரும்பாலான இழைகள் பக்கம் மாறும். இடப்பக்கத்தவை வலதுக்கு, வலப்பக்கத்தவை இடதுக்கு. அதற்குப் பிறகு முதுகெலும்புக்குள் ஓடுகிற முண்ணாண் வழியே இறக்கம். கைக்கான கட்டளை கழுத்தடியிலும், காலுக்கான கட்டளை இன்னும் கீழே முதுகிலும் அடுத்த நரம்பிடம் கைமாறும். தசையைத் தொடுவது அந்த அடுத்த நரம்பு.

என் பயறு அந்த ஒடுக்கமான வழியின் இடது பக்கத்தில் விழுந்திருந்தது. மேற்பரப்பில் விழுந்திருந்தால் ஒருவேளை சில விரல்கள் மட்டும் போயிருக்கும். இங்கே முகம், கை, கால் எல்லாவற்றின் இழைகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒரே அடியில் எல்லாம்.

"உங்கள் கைக்கு ஒரு குறையும் இல்லை," என்றார். எலும்பு சரி, தசை சரி. பிறகு பஞ்சால் என் வலது உள்ளங்கையைத் தடவினார். குறுகுறுத்தது. குண்டூசி முனையால் தொட்டார். சுரீரென்றது. தொடுவதும் நோவதும் மேலே ஏறுகிற பாதை வேறாம். அது தப்பிவிட்டதாம்.

சரியான கை. எல்லாம் உணர்கிற கை. ஆனால் நான் சொல்வது அதற்குக் கேட்காது. இதைத்தான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

இரண்டு புருவமும்

கண்ணாடி கேட்டேன். ஆரணி தரமாட்டேன் என்றாள். நான் இடது கையால் அவளின் போனைப் பறித்துக் கமராவைத் திறந்தேன்.

வாயின் வலது கரை தொங்கியது. கன்னம் சப்பட்டையாக இருந்தது. நான் அதையெல்லாம் கொஞ்ச நேரம்தான் பார்த்தேன். தொழில் பழக்கம், கண் மேலே போய்விட்டது. புருவத்தை உயர்த்திப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக, ஒரே உயரத்துக்கு ஏறின. நெற்றியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சுருக்கம்.

எவ்வளவோ முகங்களைக் குனிந்து பார்த்தவள் நான். ஒரு பக்கப் புருவம் ஏறாத பெண் ஒருத்தி முன்பு கடைக்கு வந்திருக்கிறாள். காதுக்குப் பின்னால் இருக்கிற முக நரம்பில் வந்த வருத்தம் அது. அவளுக்குப் பாதி முகம் மேலிருந்து கீழ்வரை அசையாது. எனக்கு ஏன் கீழ் மட்டும்?

அடுத்த முறை டொக்டர் வந்தபோது நெற்றியைக் காட்டி, "ஏன்?" என்றேன். அவருக்கு ஆச்சரியம். யாரும் அப்படிக் கேட்பதில்லையாம். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்தில் இருந்தும் கட்டளை போகிறதாம். ஒரு பாதை அறுந்தாலும் மற்றது காப்பாற்றும். வாயின் கரைக்கு அந்த வசதி பெரிதாக இல்லை.

இன்னொன்றையும் அங்கேதான் கண்டேன். "சிரியுங்கள்" என்று டொக்டர் சொன்னால் வலப்பக்கம் வராது. ஆனால் ஒருநாள் ஆரணி, அப்பா சோற்றுக்கு உப்பு என்று சீனியைப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் சாப்பிட்டு முடித்த கதையைச் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் கதையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். இரண்டு கரையும் ஏறியிருந்தனவாம். சொல்லிச் சிரிக்கிற சிரிப்புக்கும் தானாக வருகிற சிரிப்புக்கும் பாதை வேறு என்று பிறகு சொன்னார்கள். அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கௌரி மச்சாள்

கை எழுந்த செய்தி போய் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கௌரி மச்சாள் பிறம்ரனில் இருந்து வந்து இறங்கினார். இவரின் அக்கா. இவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்துவிட்டவர். முதுகு நோவோடு பொதிகட்டும் வேலைக்கு ஒருநாளும் லீவு போடாமல் போனவர். கெட்ட மனுசி இல்லை. தனக்கு முடிந்தது எல்லோருக்கும் முடியும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான்.

இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தார். பெட்டியைத் திறக்க முதலே கேட்டார்.

"எங்கை, தூக்கு பாப்பம்."

முயன்றேன். வரவில்லை.

"அவசரப்படுத்தாதை அக்கா," என்றார் இவர்.

சாப்பிட்டோம். சொதி சூடாக உள்ளே இறங்கியது. அறையில் ஹீற்றரின் வெக்கை. எனக்குக் கண் சொருகி, கொட்டாவி வந்தது. கை எழுந்து நாடிக்குக் கிட்ட வந்து நின்று, விழுந்தது.

"முருகா!" மச்சாள் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்க முன்னரே முகம் மாறிவிட்டது. "இப்ப தூக்கினனீ. நாங்கள் கேக்கேக்க ஏன் தூக்கேல்லை?"

"தெரியாது."

"என்ன தெரியாது? உன்ர கைதானே? நீ தூக்காமல் வேற ஆர் தூக்கினது?"

நேர்மையாகச் சொன்னால், அதே கேள்வியைத்தான் நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போகும்போது வாசலுக்கு வெளியே நின்று இவரோடு கதைத்தார். மெல்லக் கதைக்கப் பழகாத மனுசி.

"தம்பி, உவளுக்கு மனம் இல்லை. கடையில நிண்டு நிண்டு களைச்சுப்போனாள், இப்ப படுத்துக் கிடக்கச் சுகமாயிருக்கு. உது தூக்கேலாத கையே? நீ இரங்கிக்கொண்டு நிண்டால் உப்பிடியே கிடப்பாள்."

இவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். 'சீ, அப்பிடிக் கதைக்காதை' என்று ஒரு சொல்.

ஒரு சொல்லும் வரவில்லை. மச்சாளின் காலணிச் சத்தம் தூரப் போவதுதான் கேட்டது.

சோதனை

அதற்குப் பிறகு இவர் என்னைப் பார்க்கும் விதம் மாறியது. முன்பு முகத்தைப் பார்ப்பார். இப்போது கையைப் பார்த்தார். கதைத்துக்கொண்டு இருக்கும்போதே கண் அங்கே போய்த் திரும்பும்.

ஒருநாள், பயிற்சிக்குத் தந்திருந்த ரப்பர் பந்தை என் வலப்பக்கமாகத் திடீரென்று எறிந்தார். "பிடியும்!" பந்து என் நெஞ்சில் பட்டு நிலத்தில் உருண்டது.

"ஏன்... எறிஞ்சனீங்கள்?"

"சும்மா. தன்பாட்டில வரும் எண்டு நினைச்சன்." குனிந்து பந்தைத் தேடினார். தேடி எடுக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

நான் என்னையே சந்தேகப்படத் தொடங்கினேன். ஒருவேளை மச்சாள் சொல்வது சரியோ? என் மனத்துக்குள் எனக்கே தெரியாத ஒரு சோம்பேறி இருக்கிறாளோ? தனியே இருக்கும்போது பொய்யாகக் கொட்டாவி விட்டுப் பார்த்தேன். வாயை ஆவென்று பிளந்து, மூச்சை இழுத்து, திரும்பத் திரும்ப. கை அசையவில்லை. கையை ஏமாற்ற முடியவில்லை. உண்மையான கொட்டாவி வந்தால் மட்டும் அது எழுந்தது, தனக்கு எசமான் வேறு என்பதுபோல.

பிறகு அது நடந்தது.

மத்தியானம். சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக் கிடந்தேன். நித்திரை இல்லை. இவர் வந்து கதிரையை இழுத்து வலப்பக்கத்தில் இருந்தார். என் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு மனம் இளகியது. பாரிசவாதம் வந்த பிறகு அந்தக் கையை இவர் அப்படிப் பிடித்ததில்லை. கண்ணைத் திறப்போமா என்று நினைத்தேன்.

இவர் என்னைக் கிள்ளினார்.

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய தசையில். சும்மா தொட்டுப் பார்க்கிற கிள்ளு இல்லை. நகம் பதிந்தது. நான் கையை இழுக்கிறேனா என்று பார்த்தார். இழுக்க முடியவில்லை. நோவு மேலே ஏறி வந்தது. கையை எடு என்ற என் கட்டளை இறங்கிப் போய் எங்கேயோ பாதியில் நின்றது.

நான் கண்ணைத் திறக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. கண்ணைத் திறந்தால் இவரின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். இத்தனை வருசம் ஒன்றாகப் படுத்து எழும்பிய மனுசன், நான் நடிக்கிறேனா என்று நகத்தால் பார்க்கிறார். பாரிசவாதம் வந்த காலையில்கூட என் உடம்பு அப்படிக் குளிர்ந்து போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் கையை மெதுவாகப் போர்வையில் வைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டு சின்னப் பிறை அடையாளங்கள் இருந்தன. யாரிடமும் காட்டவில்லை.

சித்ரா சொன்னது

என் இயன்மருத்துவர் சித்ரா, கோயம்புத்தூர்க்காரி. முப்பது வயதுப் பக்கம். என் தமிழ் அவளுக்கும் அவளின் தமிழ் எனக்கும் முதல் கிழமை பாதிதான் விளங்கியது. நான் முண்ணாண் என்பதை அவள் தண்டுவடம் என்பாள்.

ஒருநாள் பயிற்சி நடுவில் அவளுக்கு முன்னாலேயே கொட்டாவி வந்து கை எழுந்தது. அவள் என் இடுப்பில் கட்டிப் பிடித்திருந்த பெல்ட்டை விட்டுவிட்டாள்.

"அம்மா! இது எத்தனை நாளா வருது? யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னனான்," என்றேன். "வீட்டில."

இப்படி நடக்கும் என்று படித்திருக்கிறாளாம். நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவையாம். அடுத்த நாள் இவரையும் வரச்சொல்லி, ஒரு வெள்ளைத் தாளில் மூளையின் படத்தைக் கீறி விளக்கினாள்.

"சார், நீங்க கைய தூக்கணும்னு நெனச்சா அந்த ஆர்டர் மேல இருந்து இந்த வழியா வரும். அம்மாவுக்கு இங்க அடிபட்டிருக்கு. அதனால நெனச்சா வராது. ஆனா கொட்டாவி மேல இருந்து வர்றதில்ல. மூச்சு, இருமல் மாதிரி அது கீழ, மூளைத்தண்டுல இருக்குற வேலை. அங்க இருந்தும் தண்டுவடத்துக்கு வேற பழைய பாதைங்க இறங்குது. சாதாரணமா மேல இருக்குறது அதையெல்லாம் அடக்கி வச்சிருக்கும். இப்ப மேல இருந்து அடக்க ஆள் இல்ல. கொட்டாவி வரும்போது அந்தப் பாதை கையையும் சேர்த்து இழுத்துடுது. இப்படித்தான் நெனைக்கிறாங்க. முழுசா யாருக்கும் தெரியாது."

"அப்ப கை திரும்பி வருதெண்டு அர்த்தமோ?" இவர் கேட்டார்.

சித்ரா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "இல்லம்மா. அப்படி எடுத்துக்கக் கூடாது. நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது. நெனச்சுத் தூக்குற அசைவு வந்தா அதுதான் கணக்கு. அது வர வர, இது கொறஞ்சு நின்னுகூடப் போகலாம்."

இலண்டனுக்கும் பாரிசுக்கும் போன் போட்டுச் சொன்ன அற்புதம் அந்தத் தாளில் முடிந்துபோனது. அதற்குள் இவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அப்ப... அவ பொய் சொல்லேல்லையோ?"

எனக்கு முன்னால். மூன்றாம் ஆளைப் பற்றிக் கேட்பதுபோல.

சித்ராவின் பேனை தாளிலேயே நின்றது. "யாரு சார்? அம்மாவா?"

கிள்ளியபோது வராத சத்தம் அப்போது வந்தது. தடித்த நாக்கால், முழுச் சொல்லாக, கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

"போங்கோ!"

இவர் எழுந்து போனார்.

நோகுமோ?

அடுத்த நாள் இவர் வரவில்லை. அதற்கடுத்த நாள் பயிற்சிக் கூடத்துக்கு நேரே வந்து, ஓரமாக நின்றார். சித்ரா கூப்பிட்டு, வீட்டில் செய்ய வேண்டியது என்று என் கைவிரல்களை நீட்டி மடக்கக் காட்டிக்கொடுத்தாள். இவர் பயந்து பயந்து தொடங்கி, பிறகு ஏதோ கோபத்தில் என்பதுபோல அழுத்தினார்.

"மெதுவா சார், அவங்களுக்கு வலிக்கும்."

இவர் நிமிர்ந்தார். "நோகுமோ? உதில உணர்ச்சி இருக்கே?"

"ஏன் சார் இல்லாம? தொட்டா, கிள்ளினா எல்லாமே தெரியும். கீழ இறங்குற பாதைதான போச்சு, மேல ஏறுற பாதை நல்லாத்தான இருக்கு. டாக்டர் உங்ககிட்ட சொல்லலையா?"

டொக்டர் சொன்ன அன்று இவர் வேலையில் நின்றார். ஆரணி சொல்லியிருப்பாள் என்று நானும், நான் சொல்லியிருப்பேன் என்று ஆரணியும் இருந்துவிட்டோம். அசையாத கை மரத்த கை என்றே இவர் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.

இவர் என் கையைப் பார்த்தார். பிறை அடையாளம் அதற்குள் மறைந்துவிட்டது. ஆனால் இடம் இவருக்குத் தெரியும்.

"ரஞ்சி... அண்டைக்கு நீர் நித்திரைதானே?"

"இல்லை."

மனிதருக்கு முகத்தில் இரத்தம் வற்றுவதை நான் அதற்கு முன் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. உதடு வெளுத்தது. சித்ரா தண்ணீர் எடுக்கப்போகிறேன் என்று விலகிப்போனாள்.

"மரத்த கை எண்டுதான்... கை தன்பாட்டில இழுபடுதோ எண்டு பாக்கத்தான்... உமக்கு நோகும் எண்டு சத்தியமாத் தெரியாது."

"நோகாட்டில்... கிள்ளலாமோ?"

இவர் பக்கத்து நீள வாங்கில் போய் இருந்து, குனிந்து அழுதார். நான் அழவில்லை. ஆறுதல் சொல்லவும் இல்லை. மன்னிப்புக் கேட்டார். சரி என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. அந்த முறை அதற்குக் காரணம் பாரிசவாதம் இல்லை.

அன்று பின்னேரம் எனக்கு முன்னாலேயே பிறம்ரனுக்குப் போன் எடுத்தார். "அக்கா, நாங்கள் ரஞ்சியைப் பற்றிப் பிழையாக் கதைச்சிட்டம். நீ கதைச்சனீ, நான் வாயை மூடிக்கொண்டு நிண்டனான். என்ரதுதான் பெரிய பிழை." மச்சாள் என்னிடம் இன்றுவரை மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. வந்தால் மட்டும், கேளாமலே என் தலையை வாரிப் பின்னிவிடுகிறார்.

பெருவிரல்

வீட்டுக்கு வந்தேன். கால் முதலில் வந்தது, தடியோடு. நாக்கு மெல்லிசானது. இந்தப் பத்தியையே போனில் இடது பெருவிரலால் தட்டித்தான் எழுதுகிறேன். கடையை என்னோடு வேலை செய்த பெண் பார்க்கிறாள். நான் கிழமைக்கு ஒருதரம் போய்க் கல்லாவில் இருந்து, அவள் எடுக்கிற புருவங்களில் குறை கண்டுபிடிக்கிறேன். வலது கையால் இன்றைக்கும் நூல் பிடிக்க முடியாது. இனி முடியுமா என்று ஒருவரும் உறுதியாகச் சொல்வதில்லை.

நாங்களும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். இவர் வேலையை விடிய நேரத்துக்கு மாற்றிக்கொண்டு பின்னேரங்களில் என் விரல்களை நீட்டி மடக்குகிறார். ஒவ்வொரு முறையும், "பிடிக்கட்டோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார். முதலில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் ஒரு பின்னேரம். சமையலறை மேசையில் வலது கையை வைத்துக்கொண்டு சித்ரா சொன்ன பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். பயிற்சி என்றால், பெருவிரலைப் பார்த்துக்கொண்டு அசை என்று நினைப்பது. நாள் முழுக்க நினைத்தாலும் ஒன்றும் நடக்காது. இவர் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார்.

பெருவிரல் அசைந்தது.

கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிடவில்லை. இன்னொரு முறை ஏமாற என்னால் முடியாது. வாயை மூடி, மூச்சைக்கூடக் கவனித்தேன். கொட்டாவி இல்லை. இருமல் இல்லை. ஒன்றும் இல்லை.

அசை என்று நினைத்தேன். அசைந்தது. சுட்டுவிரலை நோக்கி, ஒரு நெல்மணி நீளம்.

நில் என்று நினைத்தேன்.

நின்றது.

திரும்ப அசையச் சொன்னேன். அசைந்தது. நிற்கச் சொன்னேன். நின்றது. என் முதுகு முழுக்க வியர்த்துவிட்டது. எத்தனை நாள் அந்தக் கை என்னைக் கேட்காமல் எழும்பியிருக்கிறது, விழுந்திருக்கிறது. ஒருநாளும் நான் சொல்லி நின்றதில்லை.

இவர் கோப்பைகளோடு திரும்பியவர், என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு மேசையைப் பார்த்தார். பெருவிரல் போய் வந்துகொண்டிருந்தது. இந்த முறை கத்தவில்லை. போனை எடுக்கவில்லை. கோப்பைகளை வைத்துவிட்டு, முன்னால் இருந்து, மிக மெதுவாகக் கேட்டார்.

"ரஞ்சி, இது ஆர்?"

"நான்," என்றேன்.